கொசுவலைக் கதவியல்: ஓர் அறிமுகம்

1. வரையறை

சென்னை அடுக்குமாடி வீடுகளில் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடுவே, கண்ணாடிக் கதவுக்குத் துணையாக, டிராக்கில் ஓடும் மெல்லிய ஸ்லைடிங் கதவே கொசுவலைக் கதவு. காற்று வரலாம், கொசு வரக்கூடாது என்பது அதன் விதி. சட்டம், வலை, வலையைச் சட்டத்துப் பள்ளத்தில் கவ்விப் பிடிக்கும் ரப்பர் பீடிங், அடியில் உருளும் வீல், ஓர இடைவெளியை அடைக்கும் பிரஷ் என அதன் உறுப்புகள் ஐந்து. ஆறாவது உறுப்பு வீட்டார். அவர்களைப் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

வலை பெரும்பாலும் பி.வி.சி. பூசிய கண்ணாடி இழையால் ஆனது. கடையில் ஃபைபர் மெஷ் என்று கேட்டால் கிடைக்கும். வழக்கமான நெசவில் அங்குலத்துக்கு ஒரு பக்கம் 18 இழை, மறுபக்கம் 16. அதாவது சதுர அங்குலத்துக்கு 288 கண்கள். ஏழடி உயரமும் மூன்றடி அகலமும் உள்ள வலையில் 8,70,912 கண்கள். இவற்றில் ஒன்றின் வழியாகவும் கொசு வருவதில்லை. வரும் கொசுக்கள் அனைத்தும் 8,70,913-ஆவது வழியாகவே வருகின்றன. அந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதே இவ்வியலின் நோக்கம்.

2. வரலாறு

வலைக்கதவின் முன்னோர் சல்லடை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்துக் கில்பர்ட் அண்ட் பென்னட் நிறுவனம் சல்லடைக்கான கம்பிவலை செய்து விற்றுவந்தது. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டு தென் மாநில வியாபாரம் நின்றதும், தேங்கிய வலைக்குப் பெயின்ட் அடித்து ஜன்னல்களுக்கு விற்றார்கள். மாவை விட்டுக் கப்பியை நிறுத்திய பொருள், காற்றை விட்டுப் பூச்சியை நிறுத்தும் வேலைக்கு மாறியது.

கொசுவே மலேரியாவைச் சுமக்கிறது என்பது அப்போது தெரியாது. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்ட பிறகே அதற்குச் சான்று கிடைத்தது. 1900-இல் பேட்ரிக் மேன்சனின் ஏற்பாட்டில் சாம்பன், லோ என்ற இரு மருத்துவர்கள் ரோம் நகருக்கு அருகே மலேரியா மிகுந்த சதுப்பு நிலத்தில் வலையடித்த குடிசையில் கோடை முழுதும் தங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் உள்ளே போய், விடிந்த பின்பே வெளியே வந்தார்கள். மலேரியா வரவில்லை. இவ்வெற்றியில் வலைக்கு உள்ள பங்கு பாதிதான். அந்திக்குப் பின் கதவைத் திறக்காத இருவர் உள்ளே இருந்தது மறுபாதி.

3. கிழிசலை அறியும் அளவைகள்

சைவ சித்தாந்தம் கொள்ளும் காட்சி, கருதல், உரை ஆகிய மூன்று அளவைகளே இங்கும் போதும்.

காட்சி: இரவில் கூடத்து விளக்கை அணைத்து, வலையின்மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துக் கிழிசலைக் கண்ணால் காணுதல்.

கருதல்: புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல, கணுக்காலில் எழுந்த தடிப்பைக் கண்டு வலையின் கீழ்மூலையில் பீடிங் கழன்றிருப்பதை அறிதல்.

உரை: “கீழ ஓட்டை இருக்குன்னு தீபாவளியிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்” என்று வீட்டு மூத்த பெண்மணி கூறுவது. மூன்றில் முதலில் கிடைப்பது இதுவே. கடைசியில் ஏற்கப்படுவதும் இதுவே.

4. கிழிசலும் மருத்துவமும்

இழை அறாமல் விலகி மட்டும் இருந்தால் ஊசிமுனையால் பழைய இடத்துக்குத் தள்ளினால் போதும். ஓரிரு இழை அறுந்திருந்தால், நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து அடைக்கலாம். ரூபாய் நாணயம் அளவுள்ள ஓட்டைக்கு, அதைவிடப் பெரிதாக வலைத்துண்டு வெட்டி ஓரம் முழுதும் தைக்க வேண்டும். செலோடேப் ஒட்டுவது வீடுகளில் மிகப் பரவலான முறை. அடுத்த வெயில் வரை நிற்கும்.

அதற்கு மேற்பட்ட கிழிசலுக்கு வலையை மாற்றுவதே வழி. கதவை மேல்நோக்கித் தூக்கி, மேல் டிராக்கின் ஆழத்தில் ஏற்றி, அடிப்பாகத்தைத் தன் பக்கம் இழுத்தால் கழன்றுவிடும். கதவு வீல்களின்மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தால் முதலில் வீல்களைச் சட்டத்துக்குள் ஏற்றிக் கதவைத் தாழ்த்த வேண்டும். கதவைத் தரையில் கிடத்திப் பழைய ரப்பரை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுக்கலாம். ரப்பர் பல தடிமன்களில் விற்பதால், பழையதில் ஒரு துண்டைக் கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கடையில் போய் விரலால் அளவு காட்டுபவர் இருமுறை கடைக்குப் போவார்.

புது வலையை நாலா பக்கமும் இரண்டு அங்குலம் மிகும்படி விரித்து, சிறு உருளைக்கருவியால் ரப்பரைப் பள்ளத்தில் அழுத்திக்கொண்டே வரவேண்டும். வலை விறைப்பாக இருப்பதே அழகு என்று எண்ணி இழுத்துப் பிடித்தால், மெல்லிய அலுமினியச் சட்டம் இடுப்பு ஒடுங்கி உள்வளையும். பிறகு சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே இடைவெளி தோன்றி 8,70,913-ஆவது வழி திறக்கும். மிகுந்த வலையைக் கடைசியில் ரப்பரின் வெளியோரமாக பிளேடால் அறுக்க வேண்டும்; உள்ளோரமாக அறுத்தவர் இப்பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்புவார்.

5. ஓட்டம் பற்றிய விவாதம்

கதவு சிக்கி ஓடுவதற்குத் தீர்வு என்ன என்பதில் கட்சிகள் உண்டு. பிறர் கட்சி பரபக்கம், நம் கட்சி சுபக்கம்.

பரபக்கம்: தேங்காயெண்ணெய் விட வேண்டும் என்பது ஒரு கட்சி, கிரீஸ் தடவ வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் அன்று மாலை உண்மை. மறுவாரம் எண்ணெயில் தெருப்புழுதியும் தலைமுடியும் படிந்து டிராக்கில் களிம்பாகிவிடும்.

சுபக்கம்: நோய் வறட்சியன்று, அழுக்கு. பழைய டூத் பிரஷ்ஷால் டிராக்கைத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த பின் சிலிக்கான் ஸ்ப்ரே சிறிதளவு அடித்தால் போதும். அதில் புழுதி அவ்வளவாக ஒட்டாது. டிராக்கில் மழைநீர் வடிவதற்கென உள்ள சிறு துளைகளையும் குச்சியால் குத்தித் திறக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் இதைச் செய்யாதவர் வீட்டில் டிராக் வாய்க்காலாகும்.

அதன் பிறகும் கதவு சாய்ந்து ஓடினால் குறை வீலில். சட்டத்தின் அடியோரத்தில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூவைத் திருப்ப வீல் ஏறும் அல்லது இறங்கும். கதவை மூடிப் பார்க்கும்போது ஓர இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வீல் தேய்ந்திருந்தால் ஸ்க்ரூவால் பயனில்லை. இரு வீல்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். மொட்டையாகிப்போன பிரஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடலாம்.

6. ஆறாவது உறுப்பு

மேற்கூறிய ஐந்தும் செம்மையாக இருந்தும் கொசு வந்தால், அது கதவு திறந்திருந்ததால் வந்தது. பெண் கொசு மனிதர் விடும் கரியமில வாயுவையும் உடல் வாடையையும் நாடி வருவது; ஆகவே வலைக்கு வெளியே காத்திருக்கும். துணி எடுக்கப் போகிறவர் “ஒரு நிமிஷம்தான்” என்று திறந்து வைக்கும் மூன்றடி அகல வழி, கிழிசல் என்ற வகையில் அடங்காது. அதைத் தைக்கவும் இயலாது.

மாலை ஆறு மணிக்கு மூடினால் போதும் என்ற வழக்கும் முழுமையானதன்று. இரவில் கடிக்கும் கியூலெக்ஸுக்கு அது பொருந்தும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது.

7. இவ்வியலின் எல்லை

வலை இருபுறமும் ஒன்றுபோலவே தடுக்கும். பால்கனிச் செடிகளை வெயிலுக்கு அஞ்சிக் கூடத்துக்குள் வைத்திருந்தால், தொட்டியடித் தட்டில் தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகி, வலையின் உட்புறத்தில் வந்து அமரும். செம்மையாகப் பழுது நீக்கப்பட்ட வலை அதை வெளியே போகவும் விடாது. வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்ப்பதே இதற்கு மருந்து. அது தோட்டக்கலையின்பாற்பட்டது, கொசுவலைக் கதவியலில் அடங்காது.