கதவைத் தொறந்தவன் ஆரு?

ஏலே தம்பி, வேப்பமரத்துல தட்டுத்தட்டாக் காளான் முளைச்சுட்டுன்னு போனைத் தூக்கிட்டு எங்கலே ஓடுதே? அதைப் பிச்சு எறிஞ்சா சீக்கு போயிருமா? வெளிய தெரியுதது காய்ப்பு மட்டுந்தான். திங்குதது உள்ள இருக்கு. அது குடிவந்து வருசக்கணக்காச்சு.

எப்படி வந்துச்சுங்கியா? காளான் வித்து எந்நேரமும் காத்துல பறந்துக்கிட்டுத்தான் கெடக்கு. பட்டை முழுசா இருந்தா அது ஒண்ணும் பண்ணாது. உள்ள வெள்ளைக்கட்டை பூரா தண்ணி. காத்தில்லாத எடத்துல காளான் எப்படிப் பொழைக்கும்? நீ கொப்பை வெட்டுனே. வெட்டுவாய் காஞ்சுது. காத்து புகுந்துச்சு. பின்னாலயே அதுவும் புகுந்துட்டு.

வெட்டுனதுல பவுசு வேற! கொப்பு பொறப்படுத எடத்துல தடிச்சு ஒரு வளையம் இருக்குமே, அதையும் சேத்து வழுவழுன்னு சீவினாத்தான் ஒனக்கு அழகு. மரம் காயத்தை மூடுததே அங்கன இருந்துதாம்லே. பொறவு பெயிண்டை அப்பி, அதுக்கு 'ட்ரீட்மெண்ட்'னு பேரு. பெயிண்டுக்கு அடியில ஈரம் நின்னா ஆருக்குக் கொண்டாட்டம்?

எம் பேத்தி வனவியல் படிக்கா. அவ சொன்னா, அமெரிக்கக் காட்டிலாகாவுல அலெக்ஸ் ஷைகோன்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான மரத்தை நெடுக்க அறுத்துப் பாத்து, 1977-ல எழுதி வச்சாராம். அழுகின கட்டையை மரம் சரிபண்ணுததே இல்ல. நாலு வகையா அடைப்புப் போட்டு அதை ஒதுக்கிட்டு, வெளிய புதுக்கட்டை வளத்துக்கிடும். மேல பூசுத மருந்து அழுகலைத் தடுக்கலைன்னும் அவரு கண்டாராம்.

பொந்து விழுந்த புளியமரம் எப்படிலே காய்க்கு? நடுவுல இருக்க வைரம் செத்த கட்டை. தண்ணி ஏறுதது வெளிக்கட்டையில. நீ என்னடான்னா பொந்துக்குள்ள சிமிண்டைக் கொட்டுதே. சொத்தைப் பல்லுன்னு நெனப்போ? மரம் காத்துல ஆடும், சிமிண்டு ஆடுமா?

வெட்டணுமா? கொப்பு சின்னதா இருக்கயிலயே, வளையத்துக்கு வெளிய வெட்டு. போர்டு மாட்ட ஆணி அடிக்காத. கேபிளுக்குக் குழி தோண்டயில வேரைச் சீவாத. கானோடெர்மான்னு ஒரு காளான் வேர்க்காயத்துல நொழைஞ்சு அடித்தூரையே தின்னுப்புடும். மிச்சத்தை மரம் பாத்துக்கிடும், நீ சும்மா இரு.

சும்மா இருக்கச் சொல்லி ஒருத்தன்கிட்ட பில்லு போட முடியுமா? அதாம்லே, எவனும் ஒனக்கு இதைச் சொல்லல.