மைனஸ் 196 டிகிரியில் ஒரு தாயத்து

பெறுநர்: மத்திய சுகாதார அமைச்சகம், புது தில்லி.
பொருள்: தொப்புள்கொடி ரத்த விஷயத்தில் தாங்கள் காட்டிவரும் பெருந்தன்மைக்கு நன்றி நவில்தல் தொடர்பாக.

ஐயா,

ஸ்கேன் எடுக்கக் கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு, தனியார் கொடி ரத்த வங்கியின் டை கட்டிய தம்பி ஒருவர் வழவழப்பான தாளோடு வருவார். "ஒரே ஒரு தடவைதான் சார் எடுக்க முடியும். நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா..." என்று இழுத்து நிறுத்துவார். மிச்சத்தை நாமே பயந்துகொள்ள வேண்டும். தாளில், சேமித்த ரத்தத்தால் தீரும் என்று 80க்கு மேற்பட்ட நோய்கள், தலசீமியாவும் உண்டு. அந்த நோயோடு பிறக்கும் குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதானே இருக்கும், அதையே திருப்பி ஏற்றி என்ன பயன் என்று கேட்டால், தவணைத் திட்டம் உள்ள பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

தனக்கென்று கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று 2017இல் எழுதியது உங்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். சேமித்துக் கொடுக்கும் வங்கிகளுக்கு உரிமம் தருவது உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. யார் மனமும் கோணாத இந்த நிர்வாகம் இத்தாலிக்காரர்களுக்குக் கைவரவில்லை. தனக்கெனச் சேமிக்கும் தனியார் வங்கியே அங்கே கூடாதாம்.

எங்கள் பாட்டிமார்கள் காய்ந்து விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கோத்தார்கள். இந்த வங்கிக்காரர்கள் ஸ்டெம் செல்லுக்காகக் கொடியில் எடுத்த ரத்தத்தைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைக்கிறார்கள். தாயத்துக்கு வருடச் சந்தா கிடையாது. (முன்னோர் அன்றே ஸ்டெம் செல் சேமித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரப்பும் சித்தப்பாக்கள் கவனிக்க: காய்ந்த கொடியில் உயிருள்ள செல் மிஞ்சாது.)

1988இல் பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் குளுக்மன் உலகிலேயே முதன்முறையாகக் கொடி ரத்தம் ஏற்றிய சிறுவனுக்கு ஃபேன்கோனி ரத்தசோகை. அவனுக்கு ஏற்றியதும் அவனுடைய ரத்தம் அல்ல, தங்கையினுடையது. நியூயார்க் ரத்த மையம் 1990களின் தொடக்கத்திலேயே பொது வங்கி திறந்தது: யார் கொடுத்தாலும் வாங்கும், யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குப் போகும். 2005இல் அமெரிக்க அரசு இதற்கென்று சட்டம் போட்டுப் பணமும் ஒதுக்கியது. வெளிநாட்டுக் கொடையாளர் பதிவேடுகளில் நம்மவருக்கு எலும்பு மஜ்ஜைப் பொருத்தம் சிக்குவது குதிரைக் கொம்பு. மஜ்ஜைக்கு மாற்றாகும் கொடி ரத்தமோ பொருத்தம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் ஒத்துப்போகும், உறைபெட்டியில் தயாராகவும் இருக்கும். சேகரிப்பதில் பெரும்பகுதி செல் குறைவென்று கழியும் என்பதும், வளர்ந்தவர்களுக்கு ஒரு பை பெரும்பாலும் போதாது என்பதும், செலவு கண்ணைக் கட்டும் என்பதும் உண்மைதான். லாபம் இல்லாத வேலைக்குத்தானே ஐயா அரசாங்கம்?

எங்கள் அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் நஞ்சும் கொடியும் 2016ஆம் ஆண்டுக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில் போய் எரிகின்றன. (மாநில அரசின் மஞ்சப்பைத் திட்டம் வேறு; குழப்பிக்கொண்டு விருது அனுப்பிவிடாதீர்கள்.) தினந்தினம் எரிவதில் யாரோ ஒரு பிள்ளைக்குப் பொருந்துவதும் இருக்கலாம்.

ஆகவே ஒரு விண்ணப்பம். பொது வங்கி ஒன்றை ஒழுங்காக நடத்துங்கள். பிரசவமானதும் கொடியைச் சற்றுப் பொறுத்தே கவ்வ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; குழந்தைக்குப் போக மிஞ்சுவதை மட்டும் எடுங்கள். தாய்மார்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்று மட்டும் கோப்பில் எழுதாதீர்கள். டை கட்டிய தம்பிகள் வளைகாப்புக்கே வந்து பந்தியில் உட்காருகிறார்கள். அவர்களையே வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தாளை மட்டும் மாற்றி அச்சடித்தால் போதும்.

இப்படிக்கு,
தவணை கட்ட மறுத்த தகப்பன்