வரப்புக்கு வந்த வாழ்வு

தஞ்சைப் புறநகரில் நாலு செம்பருத்திச் செடிக்கு இப்போது அலையலையாகக் கான்கிரீட் கரை. பாத்திக்கு எல்லை வேண்டும் என்பதில் தகராறில்லை. டெல்டாவே வரப்பால் ஆன பூமிதான். ஆனால் வரப்பு வெறும் மண்: நீரைத் தேக்கும், மிஞ்சினால் மண்வெட்டியால் ஒரு வெட்டு, மடை திறந்துவிடும், மேலே உளுந்தும் விளையும். கான்கிரீட்டுக்கு இந்த விட்டுக்கொடுத்தல் தெரியாது. ஐப்பசி அடைமழையில் பாத்தி தொட்டியாகும், வேர் அழுகும். ‘உறுதியாச்சே, கோரையைத் தடுக்குமே’ என்பீர்கள். கோரைக்கிழங்கு அடியில் புகுந்து மறுபக்கம் தலைகாட்டும். அதற்கு எல்லைச் சட்டம் தெரியாது.

1934இல் திறந்த கல்லணைக் கால்வாய்க்குக் கான்கிரீட் தளம் என்றதும் உழவர்கள் எதிர்த்தார்கள். அங்கே அச்சம், நீர் மண்ணுக்குள் இறங்காதே என்று. இங்கே, நீர் வடியாதே என்று. அழகுக்குத்தான் கரை என்றால் கட்டுங்கள்; இரண்டு மடை மட்டும் விட்டுக் கட்டுங்கள்.