எனக்கென்னப்பா கெடக்கு

சித்தியவானிலிருந்து ஆயர் தாவார் போகும் வழியில் நாங்கள் இருந்த தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. அன்று அது கித்தா என்கிற பால்மரக் காடு. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா நிரையில் இறங்குவார். வெட்டின்மேல் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரிப்பார். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து மாட்டுவார். பிறகு உளியை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்த்து இழுப்பார். சீவி விழும் பட்டை ஒரு காசின் கனத்தைத் தாண்டக்கூடாது. உளி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம் பட்டு, அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் அம்மாவின் காதில் விழாது.

இன்று என் மகள் ஸ்ரீ மஞ்சோங்கில் காசு கட்டித் தியான வகுப்புக்குப் போகிறாள். ஜான் கபாட்-சின் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சியின் வழிவந்தது அது. செய்யும் வேலையில் மனத்தை வை, ‘நான்’ என்பதைப் பிடித்துக்கொண்டிருக்காதே என்கிறார்கள். அவளுக்கு இரவில் தூக்கம் வருகிறது, கோபம் குறைந்திருக்கிறது. எனக்கு அதில் முழுச் சந்தோஷம்.

ஆனால் “பாட்டி இதையெல்லாம் அப்பவே செஞ்சிட்டாங்கப்பா” என்று அவள் சொன்னபோது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அம்மாவின் கவனத்துக்குள் கங்காணியின் ஏச்சும், அரைநாள் சம்பளம் போய்விடுமோ என்ற பயமும் இருந்தன.

மலாயாத் தோட்டங்களில் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டியிருந்தது. 1941-ல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தில், அந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது கூலி உயர்வோடு சேர்ந்த ஒரு கோரிக்கை. ‘நானும் மனுஷன்’ என்று சொல்வதற்கே போராட வேண்டியிருந்த இடம் அது.

‘நான்’ என்பதை விடுவதற்கு முதலில் அது கையில் இருக்க வேண்டும். பத்தமடையில் பிறந்த டாக்டர் குப்புசாமி 1913-ல் மலாயா வந்து, சிரம்பான் பக்கம் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1923-ல் எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பி, மறு ஆண்டு ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரானார். அவரை வணங்குகிறேன். அவரிடம் உதறுவதற்குப் பதவியும் சம்பளமும் மரியாதையும் இருந்தன. அவரிடம் மருந்து வாங்கிப் போன பால்மரத் தொழிலாளியிடம் என்ன இருந்தது? திருவண்ணாமலை ஞானி ரமணரும் ‘நான் யார்?’ என்று ஆராயத்தான் சொன்னார். அதிகாரத்தில் இருப்பவனுக்கு அடங்கிக் கிடப்பதும் அதுவும் ஒன்றல்ல.

தீபாவளிக்குச் சேலை எடுக்கும்போது அம்மாவிடம் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டால், “எனக்கென்னப்பா கெடக்கு” என்பார். ஊரே அதைப் பெருந்தன்மை என்று மெச்சியது. கேட்டுப் பழகாத வாய் அது என்றுதான் எனக்குப் படுகிறது. கடைசிவரை அவருக்குப் பிடித்த நிறம் எங்கள் யாருக்கும் தெரியாது.

தியானம் பழகுங்கள், நல்லது. உங்கள் வீட்டில் பால்மரம் வெட்டிய பாட்டியோ தாத்தாவோ இன்னும் இருந்தால், அவர்களுக்கு என்ன பிடிக்கும், என்ன ஆசை இருந்தது என்று இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். “எனக்கென்ன” என்று சொன்னால் விட்டுவிடாமல் மறுபடியும் கேளுங்கள்.