பச்சைச் சாயம்

பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸில் அச்சடித்து ஊருக்கு ஊர் கட்டிய கூட்டம் இப்போது நம் உடுப்புக்கும் வந்துவிட்டது. துணியைக் குறைத்து வாங்குங்கள், கிழிந்தால் தைத்து உடுத்துங்கள், பழசை வீசாமல் வேறொன்றாக்குங்கள் என்கிறார்கள். நல்ல புத்திதான். யாருக்குச் சொல்கிறார்கள் என்பதில்தான் கோளாறு. பழைய மாமல்லபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடத்தில் பிறக்கும் இந்த உபதேசம், கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டிப் பக்கம் பஸ் பிடித்து அண்ணாகிராமம் ஒன்றியத்து மகளிர் குழுக் கூட்டத்தில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும்?

அங்கே ஒரே புடவை எத்தனை பிறவி எடுக்கிறது என்று கேளுங்கள். தீபாவளிக்கு எடுத்தது இரண்டு மூன்று வருஷம் கல்யாணம் காட்சிக்கு. கரை மங்கினால் கழனி வேலைக்கு. முந்தானை கிழிந்தால் கிழிசலை உள்ளே தள்ளிக் கட்டி வீட்டுக்கு. பேரப்பிள்ளை பிறந்தால் தூளி. தூளிக்கும் தாங்காது என்றால் நாலு மடிப்பாய்த் தைத்துப் போர்வை. பிறகு கரும்புக் கட்டுக்குச் சும்மாடு, அடுப்படியில் கரித்துணி. அப்படியும் மிச்சம் நின்ற புடவை இருந்தால், ‘பழைய துணிக்குப் பாத்திரம்’ என்று கூவி வருகிறவரிடம் அதைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்க அரை மணி நேரம் வாய்ச்சண்டை. மஞ்சப்பைக் கதையும் இதுதான். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியது. இவர்கள் கைவிட்டிருந்தால்தானே மீண்டும் எடுப்பதற்கு!

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயிலும் முள்ளும் மேலே படாமல் இருக்க அவர்களே கண்டுபிடித்த உடுப்பு. இதையே வெளிநாட்டு மேடையில் ஒரு மெலிந்த பெண் போட்டு நடந்தால், ‘ஆணின் சட்டையைப் பெண் தன்வயப்படுத்திய அழகியல்’ என்று நாலு பக்கம் கட்டுரை வரும். இங்கே போட்டு நடப்பவருக்கு அன்றைய கூலி வங்கிக் கணக்கில் ஏறினாலே பெரிய பாடு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதைத் தியாகம் என்று கும்பிடுவதும் அயோக்கியத்தனம். கையில் காசிருந்தால் அவரும் புதுப்புடவை எடுப்பார்; தாராளமாக எடுக்கட்டும். அவர் வாழ்வது தத்துவம் அல்ல, தரித்திரம். ஆனால் பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்கிறவருக்கே பூமியைக் காப்பாற்றப் பாடம் எடுக்கிறார்களே, அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது?

பாடம் எடுப்பவர்களின் பழைய துணி எங்கே போகிறது என்பது கடலூர் மாவட்டத்துக்கு நன்றாகத் தெரியும். 2004 டிசம்பரில் சுனாமி அடித்து ஓய்ந்த நாட்களில் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் சாலையோரம் மலைமலையாய்க் குவிந்தது பழந்துணி. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குப் பறிகொடுத்தவர்களுக்குப் பட்டணம் அனுப்பி வைத்த ஆறுதல்: ஜிப் போன பேன்ட், கறை படிந்த சட்டை, எந்த மீனவப் பெண்ணும் உடுத்தவே முடியாத உடுப்புகள். மானமுள்ள மீனவர்கள் தொடவில்லை. மாடு மிதித்து, மழையில் ஊறி அது மக்கியது. தில்லியிலிருந்து ‘கூஞ்ச்’ அமைப்பு வந்து அந்தக் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் 2011-இல் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின் பின்னே சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாறு புரண்டது என்று இந்த மாவட்டம் ஓயாமல் அடிபட்டுக்கொண்டிருக்கிறது. பட்டணத்து அலமாரிகளுக்கு வசதிதான். கானாவின் அக்ரா நகரச் சந்தைக்கும் சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்கும் பணக்கார நாடுகள் செய்வதை, நாம் நிவாரணம் என்று பேர் வைத்து நம் மாவட்டத்துக்குச் செய்கிறோம். அவர்களாவது கப்பல் வாடகை கொடுக்கிறார்கள்.

அலமாரி காலியானதும் பசுமை வாங்கப் புறப்படுகிறார்கள். காக்கி அட்டைச் சீட்டு, அதில் தென்னை நார்க் கயிறு, சீட்டில் ஒரு இலை. சட்டை நாலாயிரம் ரூபாய். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு விதை முதல் தையல் வரை சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று உலகமெங்கும் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கு சீட்டில் இருக்காது. நீங்கள் வாங்கினால் உங்கள் பெயரில் எங்கோ ஒரு மரக்கன்று நடுவார்கள் என்பது மட்டும் இருக்கும். கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதும் இருக்காது.

மேலிடத்து உதாரணமும் உண்டு. 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீலநிற மேல்சட்டையில் வந்தார். காலி பாட்டில்களை மறுசுழற்சி செய்து நெய்த துணி. நம் கரூரில் தயாரானது. பரிசளித்தது இந்தியன் ஆயில். பெட்ரோலியம் விற்கிறவர், பெட்ரோலியத்தில் பிறந்த பாட்டிலை உருக்கிச் சட்டையாக்கிப் பூமிக்குச் சேவை செய்கிறார். கை தட்டாத பத்திரிகை இல்லை. பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழையைத் தண்ணீரில் கழிக்கிறது. பாட்டிலாய்க் கிடந்தவரைக்கும் அதைப் பொறுக்கவாவது ஆள் இருந்தது. இழையாகி ஆற்றில் கரைந்ததை எந்தக் கை பொறுக்கும்?

சரி, பருத்தியோ பாட்டிலோ, நிறம் எங்கே ஏற்றுகிறார்கள்? அங்கேதான் பசுமைக்காரர்களுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

திருப்பூரில் கேளுங்கள். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிந்தது. சில வருஷங்களிலேயே அது சாயத் தொட்டியானது. அணையைத் திற என்று போராடுகிற நாட்டில், திறக்காதே என்று விவசாயிகள் போராடிய அணை அது. வழக்கு உயர் நீதிமன்றம் ஏறியது. கெடு மேல் கெடு கொடுத்த நீதிமன்றம், கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் எழுநூறுக்கும் மேற்பட்டவற்றை மூடச் சொல்லியது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் நடத்தலாம் என்பது தீர்ப்பு. சுத்திகரிக்கச் செலவாகும். செலவு சட்டை விலையில் ஏறும். ஐரோப்பிய வாங்குநர் விலையைக் கூட்ட மாட்டார்; பூமியின் மேல் அக்கறை கொண்ட அறிக்கையை மட்டும் வருஷம் தவறாமல் வழவழப்பான தாளில் அச்சடிப்பார்.

கொங்கு நாட்டில் ஆறு செத்துவிட்டது. இனி என்ன செய்வது என்று யோசித்தவர்களுக்கு நடுநாட்டில் கடல் இருப்பது நினைவுக்கு வந்தது. கடலூர்–சிதம்பரம் சாலையில் பெரியப்பட்டுக்கு ஒரு ஜவுளிப் பதனிடும் பூங்காத் திட்டத்தோடு வந்து சேர்ந்தது, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மில்கள் சங்கமான சைமா. சாயம் இங்கே போடுவது, கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய் வழியே கடலில் விடுவது என்பது ஏற்பாடு. பக்கத்து ஊர்க்காரர்களும் மீனவர்களும் எழுந்தார்கள். வருஷக்கணக்கில் ஆர்ப்பாட்டம், மனு, கூட்டம். சுத்திகரித்த தண்ணீர்தானே, பயம் எதற்கு என்று அவர்களைக் கேட்டார்கள். அவ்வளவு சுத்தமென்றால் கோவைக்கே குழாய் போட்டு, தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொள்ளலாமே! நொய்யலுக்கு ஆகாத தண்ணீர் வங்காள விரிகுடா மீனுக்கு மட்டும் எப்படி ஆகும்?

அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. பெரியப்பட்டுக்கு வடக்கே அதே சாலையில், உப்பனாற்றங்கரையில், 1980-கள் முதல் நிற்கிறது கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, பூச்சிமருந்து, சாயம், நிறமி எல்லாம் அங்கே காய்ச்சப்பட்டது. ‘வானவில்’ என்ற பேரிலேயே ஒரு சாயக் கம்பெனி இருந்தது. பெயர் வைப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி, சங்கொலிக்குப்பம் என்று ஊர்கள் அதை ஒட்டியே வாழ்கின்றன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழில் வட்டாரங்களுக்கு மாசு மதிப்பெண் போட்டது. எழுபதைத் தாண்டினால் கடும் மாசு. கடலூர் வாங்கியது 77.45. வேறு எந்தப் பரீட்சையிலும் இந்த மாவட்டத்தை யாரும் இப்படி டிஸ்டிங்ஷனில் தேற வைத்ததில்லை. அதற்கு முந்தைய வருஷமே, சிப்காட் காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு ஆயுளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2,000 மடங்கு அதிகம் என்று நாக்பூர் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் ஆய்வு சொல்வதாகப் பத்திரிகைகள் எழுதின. அதற்கும் முன்னால், 2004-லேயே ஊர்க்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்தி, நாற்றம் அடிக்கும் நேரத்தில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். வாரியத்திடம் கருவி இருந்தது, குடிகாட்டாரிடம் மூக்கு இருந்தது. முதலில் வேலை செய்தது மூக்கு.

2025 மே 15 விடியற்காலை, குடிகாட்டில் துணிச் சாயத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த வீடுகளுக்குள் கழிவுநீர் பாய்ந்தது. பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்; மற்றவர்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சீட்டில் இலை படம் போட்டவர்கள் ஒருவரும் அந்த வாரம் கடலூர் பக்கம் தலைகாட்டவில்லை.

அதனால் எனக்கு ஒரு யோசனை. பசுமை பேஷன் வாரம் என்று நட்சத்திர ஓட்டல்களில் நடத்துகிறீர்களே, அடுத்ததை உப்பனாற்றங்கரையில் வையுங்கள். தனி வாசனைத் திரவியம் வேண்டாம். புகை இயந்திரம் வாடகைக்கு எடுக்க வேண்டாம். குடிக்கும் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுவராமல், ஊர் அடிபம்பிலேயே அடித்துக் குடியுங்கள். நடுவர்களாகக் குடிகாட்டுத் தாய்மார்களை உட்கார வையுங்கள். எந்த நிறத்துக்கு எந்த நாற்றம் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

இயற்கைச் சாயத்துக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. அவுரி நீலத் துண்டு ஐயாயிரம் ரூபாய், ‘பாரம்பரியம்’ இலவசம். அவர்களுக்கும் ஒரு சேதி. அந்த அவுரி இந்தத் தென்னார்க்காடு மண்ணில்தான் ஏக்கர் ஏக்கராய் விளைந்தது. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூர் தேவனாம்பட்டினத்தில் கோட்டையை வாங்கியது கடற்காற்று வாங்க அல்ல, இந்தக் கரையின் துணியை வாங்க. பக்கத்துப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரன் கப்பலேற்றிய நீலத்துணிக்குக் ‘கினி’ என்று பேர். மேற்கு ஆப்பிரிக்காவில் அதைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள், மனிதர்களையும் வாங்கினார்கள். ரசாயனம் ஒரு துளியும் கலக்காத நீலம்தான் அது. அடிமை வியாபாரத்துக்குச் சில்லறையாக ஓடியது. அவுரித் தொட்டியில் இறங்கி, நாற்றத்தில் நின்று மிதித்த கூலியாளைப் பற்றி இன்றைய ஐயாயிரம் ரூபாய்த் துண்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. செடியில் எடுத்தாலும் சீசாவில் எடுத்தாலும், சாயத்தொட்டிப் பக்கத்தில் நிற்கிறவர் யார், கழிவு யார் வாசலுக்குப் போகிறது என்று கேட்காத பசுமை வெறும் பச்சைச் சாயம்.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஈகோ-ஃப்ரெண்ட்லி, நேச்சுரல், ஆர்கானிக் என்று போட்டால் ஆதாரம் காட்ட வேண்டும். அந்த விவரத்தை க்யூஆர் கோடு வழியாகவும் தரலாம் என்று அதில் இருக்கிறது. தென்னை நார்க் கயிறு கட்டத் தெரிந்தவர்களுக்கு, சாயப்பட்டறை இருக்கும் ஊரின் பெயரை அச்சடிக்க மட்டும் ஏன் இடம் போதவில்லை?

துணி வாங்குகிறவர்களே, அடுத்த முறை இலை படம் போட்ட சட்டையைக் கையில் எடுக்கும்போது கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதன் சாயத்தண்ணீரை எந்த ஊரில் விட்டீர்கள்? பதில் வராவிட்டால் சட்டையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். பழைய சட்டை இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். அண்ணாகிராமத்தில் யாரைக் கேட்டாலும் எப்படித் தைப்பது என்று சொல்லித் தருவார்கள்.