புகைப்பரண் சுத்தி விசாரணை

மலையிலே புகை தோன்றக் கண்டு அங்கே நெருப்புண்டு என அனுமானித்து, அதற்கு மடைப்பள்ளியையே திருஷ்டாந்தமாகக் காட்டிய நியாய சாஸ்திரிகள், அம்மடைப்பள்ளிக்குள் நுழைந்து ஒருமுறையேனும் அண்ணாந்து பார்த்திருப்பார்களாயின், நெருப்பும் அணைந்து புகையும் நீங்கிய பிற்பாடு எஞ்சி நிற்பது எது என்னும் வினாவுக்கும் தங்கள் சாஸ்திரத்தில் இடம் ஒதுக்கியிருப்பார்கள். அவர்கள் விட்டுப்போன குறையை, மலைக்கும் புகைக்கும் பஞ்சமில்லாத கண்டிச் சீமையிலிருந்து நிரப்ப முயல்வது பொருத்தமேயாகும்.

ஆராய்ச்சிக்குரிய வஸ்து, விறகடுப்புக்கு மேலே கைக்கெட்டும் உயரத்தில் கமுகஞ் சலாகைகளை அடுக்கி அமைத்த பரண். சிங்களக் கிராமங்களில் தும்மெஸ்ஸ எனப்படும் இதன்மீது கொறுக்காய்ப்புளி கறுத்துச் சுருங்குவதும், உப்பும் மஞ்சளும் தடவிய இறைச்சித் துண்டங்கள் நாட்கணக்கில் புகையுண்டு இறுகுவதும் யாவரும் அறிந்தவை. இறைச்சியின் ருசியைப் பற்றிப் பேசுவார் பலர். பரணைப் பற்றிப் பேசுவார் ஒருவருமில்லை. 1660 முதல் 1679 வரை கண்டியரசனின் கைதியாயிருந்த ரொபர்ட் நொக்ஸ், வேடர்கள் பரணே இல்லாமல் மரப்பொந்தில் தேனை வார்த்து, இறைச்சியை அதில் நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவைக்கும் முறையை 1681இல் வெளியான தமது நூலிலே சொல்லுகிறார். வேடர்கள் பாக்கியசாலிகள், அம்முறையில் சுரண்டவேண்டிய கரி இல்லை.

பரணுடையோர் இரு கட்சியினர். ஒவ்வொரு பிரயோகத்தின் பின்னும் சலாகைகளைக் கழற்றிச் சவர்க்காரமிட்டு வெளுக்கத் தேய்ப்போரை நிர்மலவாதிகள் என்றும், பாட்டி காலத்துக் கரியே கறியின் ருசிக்குக் காரணம் எனச் சாதித்துத் தும்புத்தடியைக் கண்டாலே பதறுவோரைக் கரிரட்சகர் என்றும் குறிப்பிடுவோம். முன்னவர் வீட்டு இறைச்சியில் சவர்க்கார வாசனையும், பின்னவர் வீட்டு இறைச்சியில் காறிய நெய்யின் கசப்பும் இருப்பதால், இரு பட்சங்களும் நாவினாலேயே கண்டிக்கப்படுகின்றன.

உண்மையில் கரி ஒன்றல்ல. விரலால் தொட்டால் ஒட்டாது, அரக்குப் பூசினாற்போல் மினுங்கி மரத்தோடு ஐக்கியமாகிவிட்ட கருமை ஒன்று. அது சலாகைக்குக் கவசம், அதைத் தீண்டலாகாது. உத்தரத்திலிருந்து ஒட்டறையோடு தொங்கி, காற்றடித்தால் துண்டத்தின்மேல் உதிர்வது இன்னொன்று. அதற்குத் தும்புத்தடி போதும். சலாகைகளின் அடிப்புறத்தில், இறைச்சி நெய்யும் புகைத்தாரும் கலந்து, தொட்ட விரல் எளிதில் மீளாதபடி ஊறிநிற்கும் பிசுக்கே மெய்யான பகை. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த விறகு, எரிய வேண்டிய சூட்டை நீரை ஆவியாக்குவதில் இழந்து, அரைகுறையாய்ப் புகைந்து தாரைக் கக்க, அத்தார் குளிர்ந்த இடத்தில் படிகிறதாதலால், அப்பிசுக்கு அம்மாதங்களிலே பெருகுகிறது. ஆகவே சுத்தியின் முதற்படி பரணிலன்று, விறகுக் கட்டிலே இருக்கிறது. 1867இல் லூல்கந்துராத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் தேநீரை மாத்திரமே கருதியிருப்பார். அத்தேயிலையின் கவ்வாத்தில் விழும் மிலாறு என்னும் சுள்ளி விறகு நன்கு உலர்ந்தபின் எத்துணைச் சுத்தமாய் எரிகிறது என்பதை, அதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்த லயத்துப் பெண்களே அறிந்தார்கள்.

இனிக் காலம். பூரணை தினமாகிய போயாவில் நாடெங்கும் இறைச்சிக் கடைகள் மூடப்படுவதால், பரண் வெறுமையாயிருக்கும் நாளைப் பஞ்சாங்கமே நிர்ணயித்துத் தந்திருக்கிறது. அன்று காலையில் வெறும் பரணின் கீழ்ச் சிறு தீ மூட்டிப் பிசுக்கை இளக்கி, கை பொறுக்கும் சூட்டில் சிரட்டை ஓட்டின் விளிம்பால் வழித்தெடுத்து, வெந்நீரில் குழைத்த சாம்பலைப் பொச்சில் தொட்டு அவ்விடத்தை மாத்திரம் தேய்த்தல் வேண்டும். சாம்பலின் காரம் நெய்யோடு கூடித் தானே சவர்க்காரமாகிவிடுவதால், கடைக்காரருக்கு இதில் இலாபமில்லை. ஈரத்துணியால் துடைத்தபின், உலர்ந்த மிலாற்றில் மீண்டும் தீ மூட்டிச் சலாகைகளைக் காயவிட மறந்தவர், மழைக்காலத்தில் ஒரே வாரத்துக்குள் பச்சைப் பூஞ்சணத்தைத் தரிசிப்பர்.

வழித்தெடுத்த பிசுக்கை எங்கே இடுவது என்பதில் மாத்திரம் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. முழங்கை ஆழத்துக்குக் குழிதோண்டிப் புதைத்து மேலே கல்லும் வைக்காவிடில், அயல்வீட்டு நாய்களும் ஹந்தானை மலைப் பக்கத்துக் காட்டுப்பன்றிகளும் இவ்விசாரணையை நள்ளிரவில் முற்றத்திலே தொடர்ந்து நடத்தும்.