வேலியோர வைத்தியர்

இருமலுக்கு ஆடாதொடைக் கஷாயம் போதும் என்கிறார் பாட்டி. டாக்டரோ ப்ரோம்ஹெக்சின் சிரப் எழுதித் தருகிறார். நான் யார் பக்கம்?

இருவருமே ஒரே கட்சிதான்! ஆடாதொடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளைப் பார்த்து உருவாக்கிய மருந்துதான் ப்ரோம்ஹெக்சின். பாட்டி நாலு மிளகைத் தட்டிப் போட்டுத் தேன் விடுவார். கம்பெனிக்காரர் இனிப்பும் வாசனையும் சேர்ப்பார்.

ஆனால், கர்ப்பிணிகளுக்கு இந்தக் கஷாயம் கூடாது. கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் அதற்கு உண்டு. 2 வாரம் தாண்டியும் இருமல் நிற்காவிட்டால், பாட்டியையும் கூட்டிக்கொண்டு சளிப் பரிசோதனைக்குப் போங்கள்.

ஆடே தொடாத கசப்பு இலையை நான் ஏன் குடிக்க வேண்டும்?

ஆடு இருமினால் பக்கத்து சீட்டுக்காரர் முறைக்கமாட்டாரே! ஆடு மாடு மேயாது என்பதால்தான் அதை வேலியில் நட்டார்கள். தழையை வெட்டி வயலுக்கு உரமாகவும் போட்டார்கள்.